கெனோரா தொகுதியில் நான் தொலைத்த ஒரு வாக்கு

2015 ஒக்ரோபர் 19, திங்கட்கிழமை, கனடாவின் கூட்டாட்சித் தேர்தல் நாள், காலை பதினொரு மணி. சூ லுக்அவுட்டில் நான் வேலை செய்யும் பார்மசிக் கவுண்டருக்கு ஓர் அம்மா வந்து நின்றார். கண் பரிசோதனைக்காக சாண்டி லேக் என்ற பூர்வகுடி ஊரிலிருந்து வந்தவர். மருந்தை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, அதே பையிலிருந்து வாக்காளர் தகவல் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதை எங்கே போய்ப் போடவேணும்?" என்று கேட்டார்.

அட்டையில் இருந்த சாவடி சாண்டி லேக்கில். அது எங்கள் ஊரிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல் வடக்கே இருக்கிறது. பனிக்காலத்தில் ஏரியும் சதுப்பும் உறையும்போது போடும் பனிச்சாலையை விட்டால், போக வர விமானம்தான். அவருக்கு மறுநாள்தான் திரும்பிப் போக இடம் கிடைத்திருந்தது. தேர்தல் நாளன்று வேறு ஊர்ச் சாவடியில் வாக்குப் போட முடியாது. வெளியூரில் நிற்பவர்களுக்குச் சிறப்பு வாக்குச்சீட்டு உண்டு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும் கடைசி நேரம் முந்தின செவ்வாய் மாலை ஆறு மணியோடு முடிந்துவிட்டது. இதையெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அட்டையை மருந்துச் சீட்டோடு சேர்த்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். "சரி, அடுத்தமுறை பார்ப்பம்" என்றார்.

அந்தத் தேர்தலில் நான் ஒரு வேட்பாளருக்காக இரண்டரை மாதம் வேலை செய்திருந்தேன். 78 நாள் நீண்ட பிரசாரம் அது. பின்னேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும் கதவு தட்டினேன், பிரசாரப் பலகை நட்டேன், தொலைபேசியில் பேசினேன். என் கவுண்டருக்கு முன்னால் தினமும் வரிசையில் நின்றவர்கள் எந்த ஊர் வாக்காளர்கள், தேர்தல் நாளில் எங்கே இருப்பார்கள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. மூன்று கட்சிகளில் எதில் வேலை செய்திருந்தாலும் இதே பாடத்தைத்தான் படித்திருப்பேன்.

தொகுதியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கு மூலையில் பெரும்பகுதி கெனோரா தொகுதி. பரப்பளவு 3 லட்சத்து 20 ஆயிரம் சதுர கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். இலங்கையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. மக்களோ 2011 கணக்கெடுப்பில் சுமார் 56 ஆயிரம் பேர்தான். தெற்கே 17-ம் நெடுஞ்சாலையை ஒட்டி கெனோரா, டிரைடன். கொஞ்சம் மேலே சூ லுக்அவுட், ரெட் லேக். 599-ம் நெடுஞ்சாலை இக்னேஸில் தொடங்கி ஏறக்குறைய 300 கிலோமீற்றர் காட்டுக்குள் போய் பிக்கிள் லேக்கில் முடிகிறது. அதற்கு மேலே ஹட்சன் விரிகுடா வரை ஒஜிப்வே, ஒஜி-கிரீ, கிரீ பேசும் பூர்வகுடி ஊர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வருடம் முழுவதும் ஓடக்கூடிய வீதி இல்லை.

2012-ல் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து இங்கே வந்தேன். அங்கே ஒரு மாகாணத் தேர்தலில் உதவியிருக்கிறேன். ஒரு அடுக்குமாடிக்குள் லிஃப்டில் ஏறி மேல் மாடியிலிருந்து கீழே கதவு கதவாக இறங்கி வந்தால், ஒரு பின்னேரத்தில் இருநூறு வீடு முடியும். அந்த அனுபவத்தை நம்பித்தான் இங்கே கையைத் தூக்கினேன்.

முதல் பாடம் பலகையில் கிடைத்தது. இங்கே நிலம் என்றால் பாறை. மேலே நாலு விரல் மண், அதற்குக் கீழே கனடியக் கேடயப் பாறை. ரொறன்ரோவில் கம்பியைக் காலால் மிதித்தே இறக்கிவிடலாம். இங்கே சுத்தியலால் அடித்தால் கம்பி வளைகிறது. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்தான் எங்கள் பலகைப் பொறுப்பாளர். இரண்டு மரப்பலகைகளை முக்கோணமாக ஆணி அடித்து, அடியில் பழைய சரக்குத் தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் ஆளுக்கு மூன்று கல் தூக்கி வைக்கச் சொன்னார். ஒக்ரோபர் காற்றில் மற்றவர்களின் பலகைகள் பள்ளத்தில் கிடந்தன, எங்களுடையவை நின்றன. இப்படிப்பட்ட தொகுதியில் வேலை செய்யப் போகிறவர்கள் முதல் நாளே உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் சொல்வதைக் கேட்டு நடக்கவேண்டும்.

அந்த வருடப் போட்டி சாதாரணமானதல்ல. கன்சர்வேட்டிவ் தரப்பில் பதவியில் இருந்த இயற்கை வளத்துறை அமைச்சர் கிரெக் ரிக்ஃபோர்ட். லிபரல் தரப்பில் 1988 முதல் 2004 வரை இங்கே எம்.பி.யாக இருந்து, இடையில் பூர்வகுடி விவகாரங்களுக்கான அமைச்சராகவும் இருந்த பொப் நோல்ட். என்.டி.பி. என்ற புதிய ஜனநாயகக் கட்சி தரப்பில், ஒன்ராறியோ மாகாணத்தில் அந்தக் கட்சியைப் பதின்மூன்று வருடம் தலைமை தாங்கிய ஹவார்ட் ஹாம்டன். மூன்று பேரையும் தொகுதியில் எல்லோருக்கும் முகத்தால் தெரியும். அதனால் கதவு தட்டும்போது "இவர் யார்" என்று யாரும் கேட்கவில்லை. "எப்ப கடைசியாக எங்கட ஊருக்கு வந்தவர்?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத் துண்டுப்பிரசுரத்தில் பதில் இல்லை.

செப்டெம்பரில் ஒருநாள் வேட்பாளரோடு ஒரு சின்ன விமானத்தில் வடக்கே ஓர் ஊருக்குப் போனேன். ஏறும் முன் ஆட்களையும் பைகளையும் நிறுத்துப் பார்த்தார்கள். எங்களிடம் இரண்டு பெட்டி பிரசுரமும், ஊர் மண்டபத்துக்கென்று வாங்கிய ஒரு பெட்டி தோடம்பழமும் ஒரு பெட்டி அப்பிளும் இருந்தன. பாரம் கூடிப்போயிற்று. பிரசுரத்தை விட்டுவிட்டுப் பழத்தை ஏற்றச் சொன்னார் வேட்பாளர். அவர் எடுத்த முடிவுகளில் நான் மிகவும் மதிப்பது அது. அந்த ஊர்க் கடையில் பழத்தின் விலையைப் பார்த்த பிறகு ஏன் என்று எனக்கும் விளங்கியது.

இறங்கியதும் வீடு வீடாகப் போகத் தொடங்கக்கூடாது. முதலில் பேண்ட் ஒபிஸ் என்று எல்லோரும் சொல்லும் நிர்வாக அலுவலகத்துக்குப் போய், தலைவரையும் சபையையும் பார்த்து, வந்த காரணத்தைச் சொல்லவேண்டும். அது அவர்களுடைய நிலம். மரியாதைக்காகச் செய்வது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த அளவில் வேலை நடப்பதும் அங்கேதான். யார் மண்டபத்தைத் திறப்பார், யார் மொழிபெயர்ப்பார், அன்று ஊரில் யாருடைய இறுதிச் சடங்கு இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். எங்களுக்கு அந்தக் கடைசி விசயம் தெரிந்தபோது கூட்டத்தைத் தள்ளிவைத்து, சடங்குக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். மாலையில் ஊர் வானொலியில் பத்து நிமிடம் தந்தார்கள். வடக்கு ஊர்களில் வானொலியை எல்லோரும் கேட்பார்கள். பிங்கோ விளையாட்டே அதில் நடக்கும். வேட்பாளர் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொன்னதை மொழிபெயர்த்த அம்மா ஒஜி-கிரீயில் ஐந்து நிமிடம் சொன்னார். இடையிடையே தன் கேள்வியையும் கேட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கதவு தட்டி எங்களால் சேர்க்க முடியாத ஆட்களை அந்தப் பத்து நிமிடம் சேர்த்தது. சூ லுக்அவுட்டில் 1974 முதல் இயங்கும் வாவாட்டே நிறுவனமும் இந்த மொழிகளில் ஒலிபரப்புகிறது. வடக்கில் பிரசாரம் செய்பவர்கள் அச்சுக் காசில் பாதியை வானொலிக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒதுக்கவேண்டும்.

மண்டபத்தில் வந்த முதல் கேள்வி தண்ணீர் பற்றியது. இது எல்லா ஊர்களிலும் வரும். தொகுதியின் தென்மேற்கு ஓரத்தில் ஷோல் லேக் 40 என்ற ஊர் இருக்கிறது. வின்னிபெக் நகரம் 1919 முதல் அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அதே ஏரிக்கரையில் வாழும் அந்த ஊர் மக்கள் 1997 முதல் கொதிக்கவைக்காமல் குடிக்கமுடியாத நிலையில் இருந்தார்கள். 2015-ல் அது பதினெட்டாவது வருடம். அவர்களுடைய சுத்திகரிப்பு நிலையம் 2021-ல்தான் திறக்கப்பட்டது. தண்ணீரைப் பற்றிக் கேட்கும் ஒருவருக்கு நாட்டுக் கடன், பொருளாதார வளர்ச்சி என்று பதில் சொல்லத் தொடங்கினால் அவர் எழுந்து தேநீர் ஊற்றப் போய்விடுவார். அதையும் பார்த்தேன்.

இனி, வாக்கு எப்படித் தொலைகிறது என்பதற்கு வருகிறேன்.

2014-ல் வந்த சட்டத்தின்படி அந்தத் தேர்தலில் வாக்காளர் தகவல் அட்டையை அடையாளமாகக் காட்ட முடியாது. பெயரும் முகவரியும் உள்ள ஆவணம் வேண்டும். நகரத்தில் இருப்பவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் போதும். வீதியே இல்லாத ஊரில் சாரதி அனுமதிப்பத்திரம் எத்தனை பேரிடம் இருக்கும்? பூர்வகுடி என்று அரசில் பதிவானவருக்குத் தரும் அந்தஸ்து அட்டையில் படம் உண்டு, முகவரி இல்லை. வீடுகளுக்கு வீதிப் பெயரோ இலக்கமோ இல்லாத ஊர்கள் பல, எல்லோருக்கும் தபால் பெட்டி எண்தான். அதே சாவடியில் பதிவான, சரியான ஆவணம் வைத்திருக்கும் ஒருவர் இன்னொருவருக்காக வசிப்பிடத்தை உறுதிசெய்து கையெழுத்திடலாம், ஆனால் ஒருவர் ஒருவருக்கு மட்டும்தான். நல்ல வழி, "இவர் இங்கே வசிக்கிறார்" என்று பேண்ட் ஒபிஸ் தரும் கடிதம். ஊரில் யாராவது ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து பட்டியல் போட்டு நூறு இருநூறு கடிதத்தை அச்சிட்டு வைத்தால் பிரச்சினை அநேகமாகத் தீர்ந்துவிடும். அப்படிச் செய்த ஊர்களில் வாக்களிப்பு ஓட்டமாக நடந்தது. 2018-ல் சட்டம் மாறி, தகவல் அட்டையை இன்னோர் ஆவணத்தோடு சேர்த்துக் காட்டலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் கடிதம் எடுத்து வைத்திருங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

திகதியும் ஒரு தடை. ஒக்ரோபரில் மூஸ் என்ற பெரிய மானின் வேட்டைக்காலம். குடும்பமாகப் படகேறிப் போய் வாரக்கணக்கில் காட்டில் நிற்பார்கள். குளிர்காலத்து இறைச்சி அதில்தான் வருகிறது, அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. முன்கூட்டிய வாக்களிப்பு நாட்களை அவர்கள் புறப்படும் முன் சொல்லவேண்டும். அந்த வருடம் அது ஒக்ரோபர் 9 முதல் 12 வரை, நன்றி நவிலும் விடுமுறையோடு சேர்ந்து வந்தது. 2021-ல் நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். பிகாஞ்சிகம், பொப்லர் ஹில், கற் லேக் என்ற மூன்று ஊர்களில் வேட்டைக்காலம் கருதி முன்கூட்டியே வாக்களிப்பு நடந்தது. தேர்தல் நாளில் சாவடி இல்லை. அந்த நாளை நம்பியிருந்தவர்கள் வாக்கை இழந்தார்கள். வேட்டைக்கு இடம் கொடுத்தது சரிதான். எந்த நாள் என்ற செய்தி கடைசி வீடு வரை போகவில்லை என்றால் நல்ல ஏற்பாடும் பறித்தெடுத்த மாதிரித்தான் முடிகிறது.

தேர்தல் இரவு நான் எங்கள் ஊர் மண்டபத்தில் வேட்பாளரின் பிரதிநிதியாக எண்ணும் மேசையில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் சின்ன விரலில் மை பூசுவார்கள். இங்கே மையில்லை, பெட்டிக்குப் பூட்டில்லை, முத்திரைதான். கறுப்புத் தாளில் வெள்ளை வட்டங்கள், பென்சிலால் ஒரு கீறல். அதிகாரி ஒவ்வொரு சீட்டாக விரித்து, எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்து, பெயரை வாசித்து, குவியலில் வைப்பார். ஒரு சீட்டில் கீறல் வட்டத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடியிருந்தது. நடுங்கும் கை ஒன்றின் கோடு அது. மூன்று கட்சிப் பிரதிநிதிகளும் குனிந்து பார்த்தோம். குறி வட்டத்துக்குள் தொடங்கியிருக்கிறது, செல்லும் என்றார் அதிகாரி. அது எங்கள் வேட்பாளருக்கு விழுந்ததல்ல. யாரும் மறுக்கவில்லை. அந்த மேசையில் இருந்த மௌனத்தில் இந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்தது.

வடக்கு ஊர்களின் எண்ணிக்கை தொலைபேசியில் ஒன்றொன்றாக வந்தது. கடைசியில் நோல்ட்டுக்கு 10,918, ஹாம்டனுக்கு 10,420. வித்தியாசம் 498. அமைச்சர் மூன்றாவதாக வந்தார். மறுநாள் ஸ்காபரோ நண்பனுக்கு இதைச் சொன்னேன். "மச்சான், 498 எண்டால் எங்கட ஒரு பில்டிங்குக்குள்ள இருக்கிற வோட்டு" என்றான். உண்மை. அவனுடைய 498 ஒரு லிஃப்டுக்குள் அடங்கும். எங்களுடைய 498 எத்தனை ஊர்களில், எத்தனை விமான நிலையங்களில், எத்தனை வேட்டைக் கூடாரங்களில், எத்தனை ஆஸ்பத்திரி விடுதி அறைகளில் இருந்தது என்று யாராலும் சொல்லமுடியாது. அதில் ஒன்று என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றது.

அந்தத் தேர்தலில் கனடா முழுவதும் பூர்வகுடிக் காப்பக ஊர்களில் வாக்களிப்பு 2011-ல் இருந்த 47.4 வீதத்திலிருந்து 61.5 வீதமாக ஏறியது. சில ஊர்களில் வாக்குச்சீட்டுக்கே தட்டுப்பாடு வந்தது. "அவர்களுக்கு அக்கறை இல்லை" என்று தெற்கில் சொல்பவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்வேன்.

2019-ல் எந்தக் கட்சிக்கும் வேலை செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். மருந்து கொடுக்கும் கையால் கட்சிப் பிரசுரமும் கொடுப்பது சரியில்லை என்று 2015 முடிந்த பிறகுதான் உறைத்தது. நோயாளிக்கு என்னைச் சார்ந்திருக்கவேண்டிய தேவை இருக்கிறது, அந்தத் தேவையின்மேல் நான் வாக்குக் கேட்கக்கூடாது. யாருடைய மருந்துப் பதிவையும் பார்த்து அழைக்கவும் கூடாது. ஆகவே நாங்கள் நாலு பேர் சேர்ந்து, கட்சிப் பெயர் எதுவும் இல்லாமல், வடக்கிலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்கள் தங்கும் விடுதியில் அனுமதி கேட்டு அறிவிப்பு ஒட்டினோம். பக்கத்துத் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்வர ஒரு வேன் பிடித்தோம்.

சிறப்பு வாக்குச்சீட்டைப் பற்றி அப்போது கற்றவை இவை. அதில் வேட்பாளர் பெயர்கள் அச்சிட்டிருக்காது. வெற்றுக் கோடுதான் இருக்கும், பெயரை நாமே எழுதவேண்டும். கட்சிப் பெயரை மட்டும் எழுதினால் செல்லாது. எழுத்துப்பிழை பரவாயில்லை, யாரைச் சொல்கிறார் என்று விளங்கினால் போதும். பெயர்ப்பட்டியல் அங்கே இருக்கும், பார்த்து எழுதலாம். ஒருமுறை சிறப்புச் சீட்டுக்கு விண்ணப்பித்தால் பிறகு ஊருக்குத் திரும்பினாலும் சாவடியில் போடமுடியாது. ஆகவே விமானம் எப்போது என்று முதலில் கேட்போம். தேர்தலுக்கு முதல் வீட்டுக்குப் போய்விடுவார் என்றால் வேனில் ஏற்றமாட்டோம், கடிதம் எடுக்கும் விதத்தை மட்டும் சொல்லி அனுப்புவோம். தபாலில் அனுப்பலாம் என்ற யோசனையை நான் ஊக்குவிப்பதில்லை. மூடுபனியில் விமானம் நின்றால் தபாலும் நிற்கும், தேர்தல் நாளுக்குள் போய்ச் சேராத சீட்டு எண்ணப்படாது.

முதல் நாள் வேனில் ஏறிய ஆறு பேரில் ஒரு பாட்டிக்கு எண்பது வயது. கனடாவில் அந்தஸ்துள்ள பூர்வகுடிகள் தங்கள் உரிமைகளை இழக்காமல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்ற சட்டம் 1960-ல்தான் வந்தது. அப்போது வாக்களிக்கும் வயது 21. "எனக்கு அந்த வருசம்தான் இருபத்தொண்டு. அம்மாவும் நானும் ஒரே நாளில் முதல் வாக்குப் போட்டோம்" என்று சொன்னார். பேத்தி மொழிபெயர்த்தாள். அலுவலகத்துக்குள் போனவர் வெளியே வர நேரம் எடுத்தது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதியிருக்கிறார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்ததும் விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

அந்த வருடம் 21 வயது எரிக் மெலில்லோ கன்சர்வேட்டிவ் தரப்பில் வென்றார். நோல்ட் இரண்டாவது. கிராஸி நரோஸ் ஊரின் தலைவர் ரூடி டேர்ட்டல் என்.டி.பி. சார்பில் நின்று மூன்றாவதாக வந்தார். அவர் ஊரின் ஆற்றில் டிரைடன் ஆலை 1960-களில் கொட்டிய பாதரசத்தின் நோயை மக்கள் இன்றும் சுமக்கிறார்கள், அதை அவர் மேடை மேடையாகச் சொன்னார்.

2025-ல் தொகுதியின் பெயர் கெனோரா-கீவெற்றினூங் என்று மாறியிருந்தது. தேர்தல் ஏப்ரல் 28. பனிச்சாலைகள் உருகும் காலம், ஆனால் விடுதியில் ஆட்கள் நிறைந்தே இருந்தார்கள். அறிவிப்பில் "ஏப்ரல் 22 செவ்வாய், மாலை 6 மணி" என்பதைத் தடித்த எழுத்தில் போட்டோம். ஒஜி-கிரீ அசை எழுத்தில் எழுதித் தந்தது விடுதியில் மொழிபெயர்க்கும் ஓர் அக்கா. அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது யாரோ பேனாவால் அதில் ஒரு எழுத்தைத் திருத்தியிருந்தார்கள். அடியில் "வேன் 10 மணி, வாசலில்" என்றும் சேர்த்திருந்தார்கள். நாங்கள் நினைத்திருந்தது 11 மணி. வேன்காரருக்கு அழைத்து நேரத்தை மாற்றச் சொன்னேன்.